தவிட்டுக்கு விற்ற பிள்ளையின் இரத்தம்

பால் நிறத்தில் இரத்தம் வந்ததை என் உத்தியோக காலத்தில் இரண்டு முறை பார்த்தேன். இரண்டும் ஒரே பிள்ளையுடையது.

போன மாதம், முன்பு என்னோடு வேலைசெய்த பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களுடைய ஆய்வுகூடத்துக்குப் புதிதாக ஓர் இயந்திரம் வந்திருக்கிறதாம். இரத்தம் எடுத்த குழாயை வைத்தால் போதுமாம். அதுவே ஒட்டியிருக்கும் கோடுகளைப் படித்து, தேவையான மருந்தைத் தானே உறிஞ்சி விட்டு, முடிவையும் அச்சடித்துத் தள்ளுமாம். இனி ஒருத்தரையும் ஒன்றும் கேட்கத் தேவையில்லை என்று ஒருத்தி பெருமையாகச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. நான் ஒரு கேள்வியைக் கேட்கவேண்டிய ஆளிடம் கேட்காமல் விட்டதால் ஒரு பிள்ளை சாகக் கிடந்தது. பிறகு அதே கேள்வியைக் கேட்க வைத்ததும் நான்தான். அந்தக் கதையை அவர்களுக்கு அரைகுறையாகச் சொன்னேன். முழுதாக எழுதித் தாருங்கள் என்று விடாப்பிடியாக நின்றார்கள். சரி, எழுதித் தொலைக்கிறேன்.

நான் வேலணைக்காரி. படிப்பும் பயிற்சியும் கொழும்பில். அதைப்பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சலத்தையும் மலத்தையும் சளியையும் முகம் சுளிக்காமல் பார்க்கப் பழகினேன். தொண்ணூற்றாறாம் ஆண்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சனம் சண்டையால் இடம்பெயர்ந்து திரும்பிய அமளிக்குள், தீவுப்பகுதி ஆசுபத்திரி ஒன்றில் ஆய்வுகூடத்துக்கு ஆள் இல்லையென்று என்னை அனுப்பினார்கள். ஆய்வுகூடம் என்று அவர்கள் சொன்னது ஓர் அறை. உள்ளே ஒரு நுணுக்குக்காட்டி, மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டி ஒன்று, இரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களைச் சுழற்றிப் பிரிக்க ஒரு கைச்சுழலி. அதைச் சுற்றிச் சுற்றி என் வலது தோள் இன்றைக்கும் மழைக்கு நோகும்.

அந்த நாட்களில் தீவுகளில் ஆட்களைவிட வீடுகள் அதிகம். தெற்கில் கடை வைத்துப் பணம் பண்ணியவர்கள் கட்டிய பெரிய கல்வீடுகள். சொந்தக்காரர்கள் கனடாவிலோ பிரான்சிலோ இருந்தார்கள். கதவுகளையும் நிலைகளையும் யார் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மடத்துவெளிப் பக்கம் பஸ் போகும்போது ஒரு வீட்டின் வெறும் யன்னலுக்கூடாக அடுத்த யன்னலும், அதற்கூடாகக் கடலும் தெரியும். ஒருநாள் போகும்போது அப்படியொரு வீட்டுக்குள் கொடியில் ஒரு சின்னச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. பின்னேரம் திரும்பி வரும்போது சட்டையும் இல்லை, கொடியும் இல்லை. பஸ்ஸுக்குள் இருந்த எல்லாரும் அதைப் பார்த்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்களுக்குள் அப்படியொரு பழக்கம் ஏறியிருந்தது. காணாமல்போன ஆளின் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவோம். இருக்கிறாரா என்று கேட்கமாட்டோம். சொல்லாத வரைக்கும் எதுவும் முடிந்துபோகவில்லை என்று நினைத்தோமோ என்னவோ.

சண்டை நின்று, சமாதான காலம் வந்து கொழும்புப் பாதை திறந்த பிறகுதான் எங்கள் பெரிய டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்து ஆள்தான், ஆனால் சின்ன வயதிலேயே கொழும்புக்குப் போய், பிறகு வெளிநாட்டில் படித்து, கொழுப்பு நோய்களைப்பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவர். தீவுகளில் சொந்தத்துக்குள் கலியாணம் செய்கிறவர்கள் அதிகம் என்பதால் எங்கள் ஆசுபத்திரியைத் தெரிந்தெடுத்தார். அவரோடு ஒரு ஜெனரேற்றர், ஒரு நல்ல குளிர்ப்பெட்டி, நிறத்தை அளக்கும் கருவி ஒன்று, ஐஸ் பொதிகளுக்கு நடுவே வைத்த ஒரு கிற், அதாவது சோதனைப் பெட்டி, எல்லாம் வந்தன.

அந்தக் கிற்றைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நாங்கள் சாப்பிடுகிற கொழுப்பு இரத்தத்தில் மிதந்து வரும்போது அதைக் கரைத்து உடம்புக்குக் கொடுப்பது லைப்பேஸ் என்ற ஒரு நொதியம். அது இரத்தக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், வெளியே வராது. ஹெப்பாரின் என்ற ஊசியைப் போட்டால் சுவரை விட்டுக் கழன்று இரத்தத்துக்குள் வரும். பத்து நிமிடத்தில் இரத்தம் எடுத்து, ஐஸில் வைத்துப் பிரித்து, கிற்றில் இருக்கும் தட்டில் விடவேண்டும். தட்டு உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது. அதில் தொண்ணூற்றாறு குழிகள், எட்டு எட்டாகக் கழற்றி எடுக்கலாம். குழியின் அடியில் அந்த நொதியத்தை மட்டும் பிடித்துவைக்கும் ஒன்று பூசியிருக்கும். ஊறவிட்டு, கழுவி, நிறம் தருகிற மருந்தை விட்டு இருட்டில் வைத்தால் நீலம் வரும். அமிலம் விட்டால் மஞ்சளாக மாறும். நொதியம் கூடினால் மஞ்சள் கூடும், குறைந்தால் குறையும். கேட்க இலேசாக இருக்கும். ஐந்து முறை கழுவுகிற இடத்தில் நான்கு முறை கழுவினாலே எல்லாக் குழியும் பொய் சொல்லும்.

டொக்டருடைய போக்கே வேறு. தட்டில் முதல் துளி விழுமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் மல்லாக்க வைப்பார். அதன் பிறகு தட்டு ஊறி முடியும்வரைக்கும் அறைக்குள் ஒருவரும் கதைக்கக்கூடாது. ஏன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான் ஒருமுறை இருமினதற்கே திரும்பிப் பார்த்தார். இரண்டு மணித்தியாலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம். வெளியே ஜெனரேற்றர் இரையும். இழுப்பறைக்குள் இருட்டில் வைத்த தட்டை எடுக்கும்போது அவர் நோயாளிகளின் குழிகளைப் பார்க்கமாட்டார். ஒன்றுமே விடாத வெற்றுக் குழி ஒன்று இருக்கும், முதலில் அதைத்தான் வெளிச்சத்தில் பிடிப்பார். “ஒண்டும் இல்லாத இடத்தில ஒண்டும் இல்லையெண்டு முதல் நிச்சயப்படுத்தும், பிறகு மற்றதைப் பாப்பம்” என்பார். அந்தக் குழியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், அதில் ஒருநாள் நிறம் வந்திருந்தால் என்ன செய்வது என்று நினைப்பேன். ஒருநாளும் வந்ததில்லை.

இன்னொரு பிடிவாதமும் அவருக்கு இருந்தது. குழாயின் மேலே இலக்கம், பெயர், நோயாளிக்கு என்ன உறவு, மூன்றும் இரத்தம் எடுக்குமுன் எழுதவேண்டும். அந்த ஆளின் வாயால் கேட்டுத்தான் எழுதவேண்டும்.

இரண்டாயிரத்து மூன்றில் நெடுந்தீவிலிருந்து அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். ஐந்து மாதப் பெண் குழந்தை. பால் குடித்த கையோடு வீரிட்டு அழும், சத்தி எடுக்கும், வயிறு பொருமிக் கிடக்கும். முழங்கையிலும் இடுப்புக்குக் கீழேயும் அரிசி மணியளவில் மஞ்சள் பருக்கள். நான் குதிக்காலில் குத்தி இரத்தம் எடுத்தேன். குழாய்க்குள் இறங்கியது ரோசாப்பூ நிறத்தில் இருந்தது. கையால் சுழற்றி எடுத்துப் பார்த்தபோது அடியில் ஒரு விரற்கடை சிவப்பு, மேலே முழுக்க வெள்ளை. தண்ணீர் கலவாத பால். நான் குழாயைச் சரித்தேன், கண்ணாடியில் ஏடுபோலப் படிந்தது. எத்தனையோ ஆயிரம் குழாய் பார்த்த நான் அதைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் ஓடினேன். டொக்டர் அதைக் குளிர்ப்பெட்டியில் நிமிர்த்தி வைக்கச் சொன்னார். அடுத்தநாள் காலை கதவைத் திறந்தபோது மேலே ஒரு விரல் தடிப்பில் ஆடை திரண்டிருந்தது. அது ஒரு குழந்தைக்குள் ஓடிய இரத்தம் என்று நினைக்க நினைக்க எனக்கு உடம்பு கூசியது.

குழந்தையோடு வந்தவர்கள் மூன்று பேர். தகப்பன் அலோசியஸ், கடலுக்குப் போகிறவர். திரேசா அக்கா என்ற நடுத்தர வயதுப் பெண், குழந்தையை மடியில் வைத்திருந்தவர். பக்கத்து வீட்டுக்காரி என்று சொல்லிக்கொண்டு வாசலோடு நின்ற யசிந்தா, இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். பிள்ளைக்குப் பெயர் என்ன என்று கேட்டேன். கிளினிக் அட்டையில் ஏதோ ஒரு புனிதையின் பெயர் இருந்தது. “வீட்டில தவிடு எண்டுதான் கூப்பிடுறது” என்றார் திரேசா அக்கா.

கேட்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு தாய்க்குப் பிள்ளைகள் பிறந்து பிறந்து செத்துப்போனால் அடுத்த பிள்ளையை விற்றுவிடுவார்கள். பிள்ளைகள் எல்லாம் தப்பிப் பிழைத்த ஒரு வீட்டுக்காரி ஒரு சுளகு, அதாவது முறம், நிறையத் தவிட்டைக் கொண்டுவந்து கொடுப்பாள். தாய் பிள்ளையை அந்தச் சுளகில் கிடத்திக் கொடுத்துவிடுவாள். அன்றுமுதல் வாங்கினவள்தான் தாய். பெற்றவள் பால் கொடுப்பாள், குளிப்பாட்டுவாள், ஆனால் அம்மா என்று சொல்லவும் மாட்டாள், சொல்லவும் விடமாட்டாள். முன்பு வந்து இரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோனது மூன்றாவதையும் தேடி வரும்போது அந்தத் தாய்க்குப் பிள்ளையே இல்லை என்று கண்டு திரும்பிப் போய்விடும். இதுதான் எண்ணம். கிறிஸ்தவ வேதக்காரர்களும் செய்வார்கள், பங்குச் சாமியார் ஏசுவார், ஏசினாலும் செய்வார்கள். என் தம்பியை எங்கள் அம்மா அப்படித்தான் விற்றார். அவன் இப்போது மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன்.

இதெல்லாம் என் தலைக்குள் ஒரு நொடியில் ஓடியது. டொக்டர் எனக்குச் சொல்லியிருந்தது இதுதான்: இந்த வயதுப் பிள்ளைக்கு ஹெப்பாரின் போட அவருக்கு மனமில்லை, தாயையும் தகப்பனையும் பார்த்தால் போதும். பரம்பரையால் வந்தது என்றால் இரண்டு பேருக்கும் நொதியம் பாதிப் பாதியாக இருக்கவேண்டும். பாதியும் பாதியும் சேர்ந்துதான் பிள்ளைக்கு ஒன்றுமில்லாமல் போகும். அப்படியென்றால் அதற்கு ஆயுள் முழுக்கக் கொழுப்பு ஆகாது, தாய்ப்பாலும் ஆகாது. ஒருவருக்கு மட்டும் குறைவு என்றால் இது வேறு ஏதோ காரணத்தால் வந்து போகிற ஒன்று. தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.

அலோசியஸுக்கு ஊசி போட்டு இரத்தம் எடுத்தேன். பிறகு கதிரையில் திரேசா அக்கா வந்து இருந்து கையை நீட்டினார். பேனையைத் திறந்து, பிள்ளைக்கு என்ன முறை என்று கேட்டேன். அவர் தயங்காமல் தாய் என்றார். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை அழுதது. நான் நிமிர்ந்தேன். வாசலில் நின்ற யசிந்தாவின் சட்டையில் இரண்டு பக்கமும் ஈரம் வட்டமாகப் பரவியது. அவள் சேலைத் தலைப்பை இழுத்து மூடினாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் கிடையாது. வாயைத் திறக்கவேண்டாம் என்ற எச்சரிக்கைதான் இருந்தது.

நான் தாய் என்று எழுதினேன்.

ஏன் எழுதினாய் என்று இன்றைக்கும் என்னை நானே கேட்கிறேன். படித்தவள், குழியில் ஒரு துளி கூடினாலே சண்டை பிடிக்கிறவள். ஆனால் என் தம்பி சின்னவனாக இருந்தபோது ஒரு மாமி தெரியாத்தனமாக அவனைப் பெற்றவள் என்று அம்மாவைக் காட்டிவிட்டார். அன்றைக்கு அம்மா நடுங்கியதை நான் பார்த்திருக்கிறேன். நானும் நடுங்கினேன். அந்த நடுக்கத்தை எந்தப் பயிற்சியும் என்னிடமிருந்து எடுக்கவில்லை.

தட்டு ஊறியது. டொக்டரின் கடிகாரம் மேசையில் கிடந்தது. இழுப்பறையைத் திறந்தபோது வெற்றுக் குழி தண்ணீர்போலச் சுத்தமாக இருந்தது. அலோசியஸின் இரண்டு குழிகளும் வெளிறிய மஞ்சள், சரி பாதி. திரேசா அக்காவின் குழிகள் நல்ல எலுமிச்சம்பழ மஞ்சள், முழு அளவு. டொக்டர் அன்று என்னோடு சிரித்துக் கதைத்தார். இதற்கிடையில் ஆசுபத்திரி வாட்டில் கொழுப்பில்லாத பால் கொடுத்ததில் பிள்ளையின் இரத்தமும் தெளிந்து வந்திருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தாய்ப்பாலுக்குத் திரும்பலாம் என்று எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் நெடுந்தீவு வள்ளம் பிடிக்கக் குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறினார்கள். பஸ் போன பிறகும் நான் கேற்றடியில் நின்றேன்.

மூன்று கிழமைக்குள் திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்த முறை பிள்ளை அழவில்லை. வயிறு பலகைபோல இருந்தது, கண் செருகியிருந்தது. நான் எடுத்த இரத்தத்தைச் சுழற்றவே தேவைப்படவில்லை. குழாயில் இறங்கும்போதே வெள்ளையாக இறங்கியது. பக்கத்தில் நின்ற யசிந்தா மெல்லச் சொன்னாள்: “மூத்ததுக்கும் இப்பிடித்தான், மிஸ். ஊசி குத்தின இடத்தால பால் வந்தது. ரெண்டாவதுக்கும் வந்தது.” சொல்லிவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். யாருடைய மூத்தது என்று நான் கேட்கவில்லை. 

நான் நேரே டொக்டரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், சுளகையும் தவிட்டையும் ஈரச் சட்டையையும். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசையில் கிடந்த கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டினார்.

“உமக்கு எப்ப தெரியும்?”

“எழுதேக்கையே தெரியும், சேர்.”

கடிகார வாரை இறுக்கினார். பிறகு சொன்னார்: “உமக்கு அந்தப் பயம் எண்டா எனக்கு விளங்கும். ஆனா அந்தப் பிள்ளைக்கு வைத்தியம் பாத்தது உம்மட பயத்தை வைச்சு.” அதற்குமேல் அதைப்பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. அந்த ஒரு வசனம் எனக்குப் போதும்.

பாலை உடனே நிறுத்தி, சேலைன் ஏற்றினார்கள். ஆனால் பிள்ளை பிழைத்தாலும் தொடர்ந்து உயிரோடு இருக்க ஒரு விசேடப் பால்மா வேண்டும். கொழுப்பு எடுத்து, அந்தப் பிள்ளையின் உடம்பு கரைக்கக்கூடிய எண்ணெயை மட்டும் சேர்த்தது. அது எங்கள் நாட்டில் இல்லை. ஆராய்ச்சிக்கு உதவிய வெளிநாட்டுக்காரர்கள் அனுப்புவார்கள், ஆனால் பரம்பரை நோய் என்று நிரூபிக்கவேண்டும். தாய் தகப்பன் இரண்டு பேருடைய அளவுகளும், பெற்றவள் தாய் என்று வைக்கும் கையெழுத்தும் வேண்டும். கிற்றில் ஒரேயொரு துண்டு மிச்சமிருந்தது. எட்டுக் குழிகள். அது முடிந்தால் அடுத்தது எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது.

யசிந்தாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். வாட்டுக்கு வெளியே விறாந்தையில் நின்றாள். இரத்தம் எவ்வளவு வேண்டுமென்றாலும் எடுங்கள், கையெழுத்தும் வைக்கிறேன், ஆனால் அம்மா என்ற சொல்லைச் சொல்ல ஏலாது என்றாள். அவள் வாயால் சொல்லாமல் டொக்டர் குழாயில் எழுதவிடமாட்டார். நான் நொதியத்தைப்பற்றி, பாதியும் பாதியும் சேருவதைப்பற்றி விளங்கப்படுத்தினேன். வகுப்பெடுக்கிறமாதிரி எடுத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“நீங்க சொல்லுறது சரியாத்தான் இருக்கும், மிஸ்” என்றாள். “ஆனா ரெண்டு தரம் நான் அம்மா எண்டு சொன்னனான். ரெண்டு தரமும் அது கேட்டது. இந்தப் பிள்ளையை வேற ஆற்றையோ பிள்ளை எண்டு நினைச்சு அது இவ்வளவு நாளும் அங்கால நிக்குது. நான் சொன்னா வரும்.”

அது என்ன என்று நான் கேட்கவில்லை. பட்டப்பகல், விறாந்தையில் வெயில் அடித்தது, ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அவள் ‘அங்கால’ என்று சொன்ன பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதை நம்பாததால் பார்க்கவில்லை என்று வீரம் பேச வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் அவளாகவே ஒரு வழி சொன்னாள். பிள்ளையைக் கேட்காத தூரத்துக்குக் கொண்டுபோகவேண்டும். டொக்டர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. சேலைன் ஏறுகிற பிள்ளை. நான் அவரிடம் ஒன்றையும் மறைக்காமல் கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கால் மணித்தியாலத்துக்கு சேலைனைக் கழற்றச் சொன்னார். திரேசா அக்கா பிள்ளையைத் துவாயால் தலையோடு மூடித் தூக்கிக்கொண்டு கேற்றைத் தாண்டி, கடற்கரைப் பக்கம் நடந்தார். யசிந்தா ஆய்வுகூட யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் மதில் மூலையில் மறைந்த பிறகும் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு வந்து கதிரையில் இருந்தாள். டொக்டர் எதிரே நின்றார். நான் பேனையைத் திறந்து வைத்திருந்தேன்.

டொக்டர் கேட்டார்: “பிள்ளைக்கு நீர் என்ன முறை?”

யன்னலை மூடச் சொன்னாள். மூடினேன். அறைக்குள் ஜெனரேற்றர் சத்தம் குறைந்தது.

“நான்தான் பெத்தனான்” என்றாள்.

அவ்வளவு மெல்லச் சொன்னாள், நானே குனிந்துதான் கேட்டேன். சொல்லி முடித்த அந்தக் கணம் அவளுடைய சட்டை நனைந்தது. அறைக்குள் குழந்தை இல்லை, அழுகைச் சத்தமும் இல்லை. டொக்டரும் பார்த்தார். பிறகு திரேசா அக்கா எனக்குச் சொன்னது: மதில் மூலைக்கு அங்கால், துவாய்க்குள் உணர்வில்லாமல் கிடந்த பிள்ளை திடீரென்று கண்ணைத் திறந்து, அவருடைய தோளுக்கு மேலால் எதையோ பார்த்து வீரிட்டதாம். இரண்டும் ஒரே நேரமா என்று எனக்குத் தெரியாது. திரேசா அக்கா கையில் கடிகாரம் கட்டியிருக்கவில்லை.

நான் தாய் என்று எழுதினேன். இந்த முறை அது உண்மை. 

எட்டுக் குழிகளில் ஒன்று வெற்று, அளவு தெரிந்த மருந்து விட்டவை மூன்று, ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு திரேசா அக்காவுக்கு, இரண்டு யசிந்தாவுக்கு. அன்றைக்கு நான் ஆறு முறை கழுவினேன். டொக்டர் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. இழுப்பறையைத் திறந்து அவர் வெற்றுக் குழியை வெளிச்சத்தில் பிடித்தபோது நானும் கிட்டப் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. யசிந்தாவின் குழிகள் இரண்டும் வெளிறிய மஞ்சள். அலோசியஸின் மஞ்சளேதான், கொஞ்சமும் வித்தியாசம் இல்லை. பிறகு விசாரித்தபோது அவர்களுடைய பாட்டன்மார் அண்ணன் தம்பி என்று தெரிந்தது.

பால்மா வந்தது. பிள்ளை தப்பியது. வைத்தியத்தால் தப்பியது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இதை வாசிக்கிற பிள்ளைகள் நான் கடைசிக் காலத்தில் புத்தி பேதலித்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம்.

ஆனால் யசிந்தா அன்றைக்குச் சொன்ன சொல்லை அப்படியே விட்டுவிடவில்லை. சொல்லிவிட்டாள், அது கேட்டுவிட்டது. ஆகவே இனி அந்தச் சொல்லைப் பொய்யாக்கவேண்டும். இது அவளுடைய கணக்கு. ஆசுபத்திரியிலிருந்து போன அன்றே, குறிகட்டுவான் இறங்குதுறையில் வைத்து, பிள்ளை இனி உண்மையாகவே உங்களுடையது என்று திரேசா அக்காவிடம் சொன்னாளாம். முன்பு பக்கத்து வீட்டுக்காரியாகவாவது தூக்கினாள், குளிப்பாட்டினாள். இப்போது அதுவும் இல்லை. அலோசியஸோடு நெடுந்தீவின் மற்ற அந்தத்துக்கு, ஆட்கள் குறைந்த பக்கம் போய்க் குடியிருந்தாள். எப்போதாவது ஒழுங்கையில் பிள்ளையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாளாம். அதன்பிறகு அவளுக்குப் பிள்ளை பிறக்கவும் இல்லை. இதைக் கேட்ட நாளில் நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. அந்தக் கேள்வியை டொக்டரின் வாயால் கேட்கவைத்தது நான்தானே.

பிள்ளையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்க்கக் கொண்டுவரவேண்டும். திரேசா அக்கா கொண்டுவருவார். முதல் முறை வந்தபோதே நான் கண்டேன்: பஸ்ஸிலிருந்து அவர்கள் முன் கதவால் இறங்கினார்கள். பின் கதவால் யசிந்தா இறங்கினாள். ஆசுபத்திரிக்குள் வரவில்லை. கேற்றுக்கு வெளியே வேப்பமரத்தடியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவர்கள் திரும்பிப் போகும்போது அவளும் போனாள். வள்ளத்தில் அவர்கள் முன்னுக்கு இருந்தால் அவள் பின்னுக்கு இருப்பாளாம், கடலைப் பார்த்துக்கொண்டு. ஒருவரோடு ஒருவர் ஒரு சொல் பேசமாட்டார்கள். திரேசா அக்காவுக்கே அது ஒருமாதிரி இருந்தது. பின்னால் யாரோ நடந்து வருகிறமாதிரி இருக்கிறது, திரும்பிப் பார்க்கவும் ஏலாது என்று என்னிடம் சொன்னார்.

பிறகு சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டப்பட்டது. டொக்டர் போய்விட்டார், நிறம் அளக்கிற கருவி பழுதாகி ஒரு மூலையில் கிடந்தது, கிற் வரவேயில்லை. வள்ளத்தில் ஏறக் கடற்படையிடம் பாஸ் எடுக்கவேண்டியிருந்தது. சில மாதங்கள் ஒருவரும் வரமுடியவில்லை. அல்லைப்பிட்டிப் பக்கமெல்லாம் வெறிச்சோடிக் கிடந்த அந்த நாட்களிலும் பாஸ் கிடைத்தவுடன் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். மரத்தடியில் யசிந்தா நின்றாள். என்ன காரணம் சொல்லிப் பாஸ் எடுத்தாளோ தெரியாது. எனக்கு அவள் தெரிகிறாள், திரேசா அக்காவுக்குத் தெரிகிறாள், மற்ற யாருக்கும் அங்கே ஒரு ஆள் நிற்பது தெரிகிறதா என்றுகூடச் சில நாட்களில் சந்தேகப்பட்டேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில், நான் ஓய்வுபெற இருந்த வருடம், பிள்ளைக்கு ஆறு வயது. மெலிந்த பிள்ளை, ஆனால் துடியாட்டம். எண்ணெயில் பொரித்த எதையும் தொடாது. ஊசிக்குப் பயமில்லை, தானே கையை நீட்டும், நான் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அன்று வெக்கையாக இருந்ததால் யன்னல் திறந்திருந்தது. திரேசா அக்கா மருந்து எடுக்கப் போயிருந்தார். மரத்தடியில் வெயில் வந்திருக்கவேண்டும், யசிந்தா அன்றைக்கு மதில் நிழலுக்கு, யன்னலுக்குக் கிட்டவாக வந்து நின்றாள். வழக்கம்போல முதுகுதான் தெரிந்தது. தலைமயிர் பாதிக்குமேல் நரைத்திருந்தது. அவளுக்கு அப்போது முப்பத்திமூன்று வயதுக்கு மேல் இருக்காது.

இரத்தம் தெளிவாக, சிவப்பாகக் குழாய்க்குள் ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளை யன்னலைப் பார்த்தது.

“மிஸ், அந்த மாமி ஏன் எப்பவும் எங்களோட வள்ளத்தில வாறா? அவ ஆர்?”

வெளியே அந்த முதுகு அசையவில்லை. அவளுக்குக் கேட்டிருக்கும்.  ஒரு சொல்லில் முடிகிற பதில், நான் என் கையால் எழுதிய பதில். அந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்ல உரிமையுள்ளவள் எட்டடி தூரத்தில் மூச்சுவிடாமல் நின்றாள்.

“எனக்குத் தெரியாது, பிள்ளை” என்றேன்.

“உங்களுக்கும் தெரியாதோ?”

ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினேன். “தெரியாது. ஆரோ ஒரு ஆள்” என்று இன்னொருமுறை சொன்னேன். அதைக் கொஞ்சம் உரத்துத்தான் சொன்னேன், கேட்கவேண்டிய எல்லாருக்கும் கேட்கட்டும் என்று.